ஜாக்கி வைத்த வீடு

கரிக்கலாம்பாக்கத்து வயல்கள் மனைகளானபோது முதலில் வீடு கட்டிக் குடிவந்தவள் கமலவேணிதான். கணவர் பாகூர் கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்து சேர்த்ததில் கட்டிய வீடு. அவர் போய்ச் சேர்ந்தார். மகன் கௌதம் பெங்களூரில். பேச்சுத் துணைக்கு அக்கம்பக்கம் வராதா என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

அக்கம்பக்கம் வந்தது, லாரி லாரியாக மண்ணோடு. எங்கள் பக்கத்தில் மனை வாங்குகிறவன் வாஸ்து பார்ப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டுத் தரைமட்டத்தைப் பார்ப்பான். அதைவிட ஓரடியாவது உயர்த்திக் கட்டினால்தான் தூக்கம் வரும். போகிற போக்கில் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்காலையும் தூர்த்துவிட்டார்கள். தண்ணீருக்குப் பள்ளம் தெரியாதா என்ன? கமலவேணி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

மழைக்கு மழை முழங்கால் தண்ணீர். மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியில் நின்று போனில் படம் பிடித்தார்கள். இறங்கி வந்தவள் அம்சவள்ளி ஒருத்திதான். மனைகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், கமலவேணி வீட்டைத் தாண்டிச் சற்றுத் தாழ்வில், அம்சவள்ளியின் ஓட்டு வீடு; தண்ணீர் கமலவேணி வீட்டிலேயே தேங்கிவிடுவதால் அதுவரை போகாது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அன்னக்கூடையோடு வருவாள். இருவரும் தண்ணீரை வாரிக் கொட்டிவிட்டு, கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடிப்பார்கள்.

"இன்னாக்கா, உன் வூட்ல கப்பலே வுடலாம் போல."

வருஷத்தில் கமலவேணி வாய்விட்டுச் சிரிப்பது அப்போதுதான். சொல்ல வெட்கம், ஆனால் மேகம் கருத்தால் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இந்தச் சந்தோஷம் கௌதமுக்குத் தெரியாது, வீட்டுக்குள் தண்ணீர் வருவது மட்டும்தான் தெரியும். "ஜாக்கி வெச்சு வீட்டையே நாலடி தூக்கிடலாம்மா. காம்பவுண்டுக்குள்ள மண்ணும் அடிச்சிடலாம். இல்லன்னா கிளம்பி இங்க வந்துடு" என்றான்.

"இங்க நிக்கிற தண்ணி எங்கடா போவும்?"

"கீழ போவும்."

"கீழ அம்சா வூடு இருக்குடா."

"தனக்கு மிஞ்சித்தாம்மா தானமும் தர்மமும்."

பெங்களூர் அடுக்குமாடியில் மழை பெய்தால்கூட யாரும் வரமாட்டார்கள். அந்தப் பயத்தில் கமலவேணி வீட்டைத் தூக்கச் சரி என்றாள். வீடு அங்குலம் அங்குலமாக எழும்புவதை அம்சவள்ளி வந்து வாய் பிளந்து வேடிக்கை பார்த்தாள். தண்ணீர் இனி எங்கே போகும் என்று அவளிடம் சொல்லக் கமலவேணிக்கு வாய் வரவில்லை.

ஐப்பசியில் அடித்து ஊற்றியது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. கமலவேணி பழக்கத்தில் இரண்டு பேருக்கு டீ போட்டுவிட்டுக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. அப்புறம்தான் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு புதுப் படிகளில் இறங்கினாள்.

ஓட்டு வீட்டில் அடுப்பு மூழ்கிக் கிடந்தது. அம்சவள்ளி தனியாக வாரிக்கொண்டிருந்தாள். கமலவேணியும் பக்கத்தில் குனிந்தாள்.

"வுடுக்கா. இனிமே வாரி இன்னா ஆவப்போவுது? வித்துட்டோம். செலியமேட்டுல எங்கண்ணன் வூட்டாண்ட போறோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அம்சவள்ளி சும்மா சேதி சொல்வதுபோலச் சொன்னாள்.

"வாங்கனவங்க ஆறடி மண்ணு அடிக்கப்போறாங்களாம். நீயும் பாத்துக்கக்கா, தண்ணி திரும்ப உன் வூட்டுக்குத்தான் வரும்."

"வந்தா நீ வருவியாடி?"

அம்சவள்ளி, மூழ்கிய அடுப்பிலிருந்து விறகை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக்கொண்டிருந்தாள்.