பச்சை குத்தப் பூக்கட்டிப் பார்த்தது

எங்கள் வீட்டில் எதற்கும் பூக்கட்டிப் பார்த்தாக வேண்டும். உடன்குடியில் அப்பா கருப்பட்டிக் கடையை இடம் மாற்றியது, அவருடைய பித்தப்பை ஆபரேஷன், நான் தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தது எல்லாமே தெருமுனை முத்தாரம்மனைக் கேட்டுத்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு அரளி. அம்மா மனதுக்குள் கேள்வியை நினைத்துக்கொள்வாள், பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் அத்தோடு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். மிக்சி வாங்கக்கூடப் பூப்போட்டிருக்கிறோம். அம்மனுக்கு மிக்சியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு நான் முதுகில் வாங்கியதும் உண்டு.

அந்தப் பூவை நம்பி நானே நிற்பேன் என்று நினைக்கவில்லை.

என் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தீத்தழும்பு. சின்ன வயதில், அம்மா அடுப்பிலிருந்து இறக்கிய கருப்பட்டிப் பாகு கைதவறிக் கவிழ்ந்து என்மேல் கொட்டிவிட்டது. தழும்பு எனக்குப் பழகிவிட்டது. ஊராருடைய கேள்விதான் பழகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கூட "கையில என்னம்மா?" என்பார். அம்மா கூட இருந்தால் அவள் முகம் செத்துப்போகும். அதற்காகவே இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு வெந்துகொண்டிருந்தேன்.

இப்படித் தழும்பை மறைத்து அதன்மேல் பச்சை குத்துகிறவர் தூத்துக்குடியில் பெனிஸ்டன் என்று ஒருவர் இருந்தார். என் கையைத் தடவிப் பார்த்து, "பழசுதான், நல்லா ஆறிருக்கு. சில எடத்துல மை நிக்காது, ரெண்டாவது தடவ வரணும்" என்றார். குத்திய பிறகு வெயில் படக்கூடாது, தினமும் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும், குத்துகிற அன்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். குத்த வேண்டிய படமாக ஆவாரம்பூக் கொத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமைக்குச் சொல்லிவைத்த பிறகுதான் அம்மாவிடம் வாயைத் திறந்தேன்.

"ஏளா ப்ரியா, வெந்த கையில ஊசியா?" என்று அம்மா கத்தினாள். "அம்மன் சொல்லட்டும், பொறவு குத்து. செவப்பு வந்தா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

நான் சரி என்றேன். என் மடத்தனம். ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் கூட்டமில்லை. அம்மா கண்ணை மூடி நின்றாள். பூசாரி நல்லக்கண்ணு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வயதுக்கு அப்படி அழுதது வெட்கக்கேடுதான், அதற்கு நான் என்ன செய்ய? சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அம்மா பூவைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"என்னத்துக்குளா அழுவுத? செவப்பு வந்தது நல்லதுதான?"

"ஒனக்கு நல்லதுதாம்மா" என்று வெடுக்கென்று சொன்னேன்.

"நான் என்ன கேட்டேன்னு ஒனக்குத் தெரியுமா? 'இவளத் தடுக்கட்டுமா தாயே'ன்னு கேட்டேன். தடுக்காதன்னுட்டா."

பூசாரி அவளை உற்றுப் பார்த்தார். "ஏளா செண்பகம், நீ எந்தக் காலத்துல அப்படித் திருப்பிக் கேட்டிருக்க?"

"இன்னைக்கிக் கேட்டேன் அண்ணாச்சி. நீங்க திருநீறு குடுங்க."

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது இரண்டும் சிவந்துபோகும். அப்போதும் சிவந்திருந்தன. நான் பார்க்காத மாதிரி திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு தாராளமாக உள்ளே போய் வந்தது.

கோயிலை விட்டு இறங்கியதும் அம்மா மெல்லக் கேட்டாள்.

"ரொம்ப வலிக்குமோ?"

"வலிக்கும்னுதான் சொன்னாரு."

"அன்னைக்கி வலிச்ச மாதிரியா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அதுல கால்வாசிகூட இருக்காதும்மா."

"அப்பாடா" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா, நான் எதுக்குளா அம்மன்கிட்ட வரைக்கும் வாரேன்?"