அழித்த பிறகும் ஓடிய ஃபைல்

ஆயுத பூஜையன்று மிஷின்களைத் துடைத்து, நிறுத்தி, பொட்டு வைத்த பிறகே அருள்புரத்து பனியன் கம்பெனியில் சாமி கும்பிடுவார்கள். கட்டிங் இன்சார்ஜ் தங்கவேலு இந்த முறை கம்ப்யூட்டர்களின் உள்ளேயும் துடைத்துவிட்டார். துணி வெட்டும் மிஷின்களை இயக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களிலும், பத்து வருடப் பழைய தேதி போட்ட ஏழு ஃபைல்களைக் குப்பை என்று அழித்தார்.

முதல் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டபோது கட்டிங் புரோகிராம் திறக்கவில்லை. அதை எழுதிக் கொடுத்தவர்கள் கடையை மூடி வெகுநாள் ஆகிறது. இரண்டாவது மட்டும் ஒன்றும் நடக்காததுபோல வெட்டிக்கொண்டிருந்தது. நாலு மணிப் பூஜைக்கு அதையும் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால், லீவு முடிந்து வரும்போது துணி வெட்ட ஒரு மிஷினும் இருக்காது.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கீதாஞ்சலியைக் கூப்பிட்டார்.

"இதுலயும் அழிச்சுப்போட்டேன் கண்ணு. அப்புறம் எப்படி ஓடுது?"

"நீங்க எடுத்தது ஃபோல்டர்ல இருந்த பேரைத்தானுங்கண்ணா. ஓடுற புரோகிராம் ஃபைலைப் பிடிச்சிருக்குது. அது விடற வரைக்கும் ஃபைல் டிஸ்க்குல அப்படியே இருக்கும்."

அவள் ஒரு வரிக் கட்டளை தட்டினாள். திரையில் பட்டியல் ஓடியது. கோடு வரைய ஒரு லைப்ரரி ஃபைல், கத்தி மோட்டாரோடு பேச இன்னொன்று. எல்லா வேலையையும் புரோகிராம் தானே சுமப்பதில்லை. பொதுவான ஃபைல்களைத் திறந்து வைத்துக்கொள்கிறது. எவையெவை என்று சிஸ்டமே குறித்து வைத்திருக்கிறது. ஒரே ஒரு வரியின் கடைசியில் 'டெலிட்டட்' என்றிருந்தது. அழித்த ஏழில் தேவைப்பட்டது அந்த ஒன்றுதான்.

சந்தனக் கிண்ணத்தோடு முதலாளி மகுடேஸ்வரன் வந்தார். "ஏனுங்க தங்கவேலு, கத்தி இன்னும் ஓடுது? ஷிப்ட் முடியட்டும்னு சாமி காத்திருக்குமா?"

தங்கவேலு முதலாளியின் பக்கம் திரும்பினார். "ஃபைலை நான்தானுங்க அழிச்சேன். பத்து நிமிசம் குடுங்க."

முதலாளி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

ஓடும் புரோகிராமின் பிடியிலிருந்தே ஃபைலை நகலெடுத்து, பழைய பெயரில் பழைய இடத்தில் வைத்தாள் கீதாஞ்சலி. பென் டிரைவில் முதல் கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோனாள். அங்கே புரோகிராம் திறந்தது.

"இப்ப நிறுத்தலாமுங்க. அடுத்த வருசம் வெளியில மட்டும் தொடைங்கண்ணா."

தங்கவேலு இரண்டாவது கம்ப்யூட்டரின் சுவிட்சில் கை வைத்தார், அழுத்தவில்லை.

"அந்தப் பட்டியலை இன்னொருக்கா காட்டு கண்ணு, வேற எந்த வரியிலயும் 'டெலிட்டட்' இல்லைன்னு பார்த்துட்டு நிறுத்தறேன்."