பச்சை அறையில் தங்கிவிட்ட இருமல்

கல்லறுப்பவர் இறந்த அன்று வண்ண வைத்தியருக்கு அவர் வைத்திருந்த பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. அவருடைய இருமல் மட்டும் வைத்தியரின் பச்சை அறையில், ஜன்னலோர மூலையில், உயிரோடு இருமிக்கொண்டிருந்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. நெட்டையின் முடிவில் நாற்காலியைத் தரையில் இழுப்பதுபோல ஒரு தேய்ப்பு. அது யாருடையது என்பதில் அவர் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த இருமலுக்குப் பக்கத்தில் படுத்தவள் அவள்.

கல்பட்டறையில் இருமாதவர் யாரும் கிடையாது. கல்லைப் பலகையாக அறுக்கும்போது கிளம்புகிற தூசியை அங்கே மாவு என்பார்கள். புருவத்தில் மாவு, காதில் மாவு, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தால் அங்கேயும் மாவு. காலையில் இயந்திரம் ஓடும் முன் ஆட்கள் சுவரோரமாகக் குந்தி, இருமி, காறித் துப்புவார்கள். சாம்பல் நிறத்தில் விழும். நேற்றைய மாவை வெளியே தள்ளினால்தான் இன்றைய மாவுக்கு இடம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கல்லறுப்பவரின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்றார். அந்த மருந்து எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. செருப்புக் கடைக்கு மேல் மாடியில் நான்கு அறைகள் வைத்திருந்த வண்ண வைத்தியரோ, வேலைக்கும் போகலாம், வைத்தியத்துக்கும் வரலாம் என்றார். காசை மெதுவாகத் தந்தால் போதும் என்றார். வீட்டில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது.

ரத்தத்துக்குச் சிவப்பு, வயிற்றுக்கு மஞ்சள், தூக்கத்துக்கு நீலம், நெஞ்சுக்குப் பச்சை. வெள்ளைத் துணி உடுத்திக் கட்டிலில் படுக்க வேண்டும். நிறக் கண்ணாடி மாட்டிய விளக்கு நெஞ்சுக்கு நேரே இறங்கும். புறப்படும்போது, பச்சை பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைத்த தண்ணீர் ஒரு டம்ளர். வைத்தியர் ஏமாற்றுக்காரர் அல்ல. முன்பு திரைச்சீலை விற்றவர். எந்த நிறத் திரை போட்ட வீட்டில் ஆட்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று வீடு வீடாகப் பார்த்து, மனதார நம்பித் தொழிலுக்கு வந்தவர். மூன்றாம் மாதம் ஒரு மாலையில் வைத்தியம் பலித்தது. கல்லறுப்பவர் எழுந்து உட்கார்ந்தார். அவர் வாய் மூடியிருந்தது. இருமல் மூலையிலிருந்து வந்தது.

“பாத்தீங்களா? நோய் வெளிய வந்துருச்சு” என்றார் வைத்தியர்.

“இத எங்க சார் வைப்பீங்க?” என்றாள் மனைவி.

“அது எங்க பொறுப்பும்மா.”

ஊரே வந்து கேட்டது. மூலை இருமும், வந்தவர்கள் தலையாட்டுவார்கள், போகிறபோது ஏதாவது ஒரு நிற வைத்தியத்துக்குத் தங்கள் பேரைக் கொடுப்பார்கள். கல்லறுப்பவர் இரண்டு ஷிப்டு பார்க்க ஆரம்பித்தார். காலையில் மற்றவர்கள் குந்தி இருமுகையில் அவர் நின்றுகொண்டு சிரித்தார். உள்ளே போனது எதுவும் வெளியே வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவர் ஏறினால் பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது. வீட்டுக் கட்டிலின் கால் வளைந்தது. “அண்ணே, உன்னைத் தூக்க இனிமே கிரேன்தான் சொல்லணும்” என்றான் கூட வேலை பார்த்தவன். அதற்கும் சிரித்தார், இருமாமல். மேஸ்திரி ஒருநாள் அவர் நெஞ்சை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். பலகை வாங்க வருகிறவர்கள் விரிசல் இருக்கிறதா என்று தட்டுவார்களே, அப்படி. விரிசல் இல்லாத கல்லின் சத்தம் வந்தது. மேஸ்திரி நகர்ந்துகொண்டார். பிறகு பத்து நாளில் கல்லறுப்பவர் போய்ச் சேர்ந்தார். எட்டுப் பேர் தூக்கினார்கள், நடுவழியில் தோள் மாற்றினார்கள்.

காரியமெல்லாம் முடிந்ததும் வைத்தியர் ஆள் அனுப்பினார். கல்லறுப்பவரின் மனைவி போனாள்.

“பாருங்கம்மா, நான் இருமலுக்குத்தான் பாத்தேன். இருமல் அவரை விட்டுப் போச்சா இல்லியா?”

மூலை இருமியது.

“பொண்ணை அனுப்புங்க. மூணு வருஷம் கட்டில் தொடச்சு, பாட்டில் கழுவட்டும். கழிச்சுக்கலாம்.”

“அவ படிக்கிறா சார்.”

“யார் வேணாம்னா? ராத்திரி படிக்கட்டும். நீல லைட்டுல படிச்சா மண்டையில நல்லா ஏறும்.”

மாதக் கடைசி வரை தவணை கேட்டுவிட்டு வந்தாள். மகள் பாடத்தை வாய்விட்டுப் படிக்கிறவள். மழையில் நனைந்தாலும் சளி பிடிக்காது அவளுக்கு. அந்த நெஞ்சைப் பச்சை அறைக்கு அனுப்புவதா என்பதே தாய்க்கு ஓயாத யோசனை. அதற்குள் மாடியில் நிலைமை மாறியிருந்தது. உயிரோடிருப்பவரின் இருமலைத் தேடி வந்து கேட்ட ஜனங்கள், செத்தவரின் இருமல் என்றதும் படியேறவில்லை. வைத்தியர் ஊதா போட்டுப் பார்த்தார், ஆரஞ்சு போட்டுப் பார்த்தார், சுவரை இரண்டு கை பூசினார். இருமல் பெயின்ட் வாசனைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருமியது. நீல அறையில் ஒருவராலும் கண்ணை மூட முடியவில்லை.

மாதக் கடைசியில் அவள் தனியாக வந்தாள்.

“இத நான் கூட்டிட்டுப் போயிட்டா, பாக்கியத் தள்ளிருவீங்களா?”

வைத்தியர் அலுப்போடு சிரித்தார். “எதுல கூட்டிட்டுப் போவீங்க, கட்டைப்பையிலயா?”

அதையெல்லாம் அவள் ஏற்கெனவே யோசித்து வந்திருந்தாள். இருமல் இருப்பதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். அவள் வீட்டில் மிச்சமிருந்தவை இரண்டு; அதில் ஒன்று மகளுடையது. முதலில் எழுதிக் கொடுங்கள் என்றாள். பாக்கி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கட்டிலில் ஏறிப் படுத்தாள். வெளிச்சம் போட்டுத்தானே வெளியே எடுத்தார்கள். அவள் விளக்கை அணைக்கச் சொன்னாள்.

“ஏங்க, வாங்க, வீட்டுக்குப் போலாம்” என்று மூலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

மூலை அடங்கியது. கீழே செருப்புக் கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது. அப்புறம் அவள் இருமினாள்: இரண்டு குட்டை, ஒரு நெட்டை. எழுந்து நிற்கையில் கை சுவரைத் தேடியது.

வைத்தியர் உண்மையிலேயே பயந்துபோனார். “உங்களுக்கு வேணும்னா பாதிக் காசுக்குப் பச்சை பாக்கறேன்மா.”

“இருக்கட்டும் சார். எடுத்தா மறுபடியும் கணக்கு எழுதுவீங்க.”

வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். தெருமுனையிலேயே சத்தம் கேட்டுவிட்டது போலும்; மகள் கதவைத் திறந்துவைத்து, ஜன்னலோரத்தில் பாயை விரித்திருந்தாள். காகிதத்தை வாங்கி வாய்விட்டு ஒரு முறை படித்தாள். அம்மாவின் முதுகை நீவிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி, அடுப்பு வேலைக்கு நடுவே இருமலைக் கேட்டு, பழைய பழக்கத்தில், “என்னடி, அப்பா வந்துட்டாரா?” என்று குரல் கொடுத்தாள்.

“வந்துட்டாருக்கா” என்றாள் மகள்.