தண்ணிக் கம்ப்யூட்டர்

எங்கள் முதலாளி அர்ஜுனனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று, தனக்குத் தெரியாது என்பது. இன்னொன்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புக்கிட் பெலிம்பிங்கில் அவருக்குப் பன்னிரண்டு லோரிகள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வெட்டிப் போடும் செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவது தொழில். எந்த லோரி எந்தத் தோட்டத்துக்கு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் என் மேசையிலிருந்துதான் கிளம்பும். லோரிக்காரர்கள் என்னைக் குமுதா என்று கூப்பிடுவதில்லை, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையைச் சொல்வதுபோல் 'கிராணியம்மா' என்பார்கள். கேலிதான். ஆனால் நான் ஒருநாள் வராவிட்டால் அத்தனை லோரியும் ஒரே தோட்டத்து வாசலில் போய் நிற்கும்.

இந்த வருட நடுவில் முதலாளியின் மகளைக் கட்டிய ஷர்வின் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு வந்தார். ஷர்வினுக்கு ஷா ஆலமில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் இங்கிலீஷில் சொல்வார், அதனால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு லோரிகளின் கேமராப் படமும் ஒரே திரையில் ஓட வேண்டுமாம், அதற்குச் சாதாரணக் கம்ப்யூட்டர் தாங்காதாம். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே ஏழு வண்ண விளக்கு. பார்ப்பதற்குத் தீபாவளிப் பலகாரக் கடை மாதிரி இருந்தது.

"வாட்டர் கூலிங், மாமா. புரொசசர் சூடாச்சுன்னா தண்ணி சுத்தி வந்து சூட்ட எடுத்துட்டுப் போயிரும். பம்ப் இருக்கு, மேல ரேடியேட்டர் இருக்கு" என்றார் ஷர்வின்.

ரேடியேட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் முதலாளியின் முகம் மலர்ந்தது. முப்பது வருடம் லோரியோடு குடித்தனம் நடத்திய மனிதர்.

"அட, அப்ப இது நம்ம லோரிதான்லா!"

அன்றிலிருந்து அது எங்கள் பதின்மூன்றாவது லோரி ஆகிவிட்டது. ஆயுத பூசையன்று பன்னிரண்டு லோரிக்கும் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்ததும், முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு ஆபீசுக்குள் நுழைந்தார். நான் அப்போது பின்னால் கடலை தாளித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டரின் கண்ணாடியில் மூன்று விரல் பட்டை, நடுவில் குங்குமம், அடியில் ஓர் எலுமிச்சம்பழம். டயர் இல்லாததால் பழம் நசுங்காமல் தப்பித்திருந்தது. கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இரண்டு நாளில் கோளாறு ஆரம்பித்தது. காலையில் போட்டால் கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு உள்ளே விசிறிகள் இரையத் தொடங்கும். படங்கள் திக்கித் திக்கி நிற்கும். அப்புறம் பட்டென்று அணைந்துவிடும். எந்த லோரி எங்கே நிற்கிறது என்று தெரியாது. ஒரு லோரி வழி தவறிப் பாகான் நக்கோடா ஓமார் வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வெறும் லோரியாகத் திரும்பியது.

அன்று சாயங்காலம் லோரிக்காரர்கள் எல்லாரும் முற்றத்தில் நிற்கும்போது முதலாளி சத்தமாகச் சொன்னார்.

"நாடகம் பாத்துப் பாத்தே மெஷின சூடாக்கிட்டா இவ. திங்கக்கிழமைக்குள்ள சரியாகல, என் தங்கச்சி மக மாதவி வீட்ல சும்மாதான் இருக்கா. அவ வந்து இந்தச் சீட்ல உக்காருவா."

பன்னிரண்டு லோரியை மேய்க்கிறவளுக்கு நாடகம் பார்க்க ஏது நேரம்? வேலை போவது ஒரு பக்கம். பதினோரு வருடம் உட்கார்ந்த இடத்திலிருந்து, மெஷினைக் கெடுத்தவள் என்ற பெயரோடு எழுந்து போவதா?

அடுத்த நாளே வைத்தியம் தொடங்கியது. முதல் வைத்தியர், லோரி மெக்கானிக் தேவதாஸ் அண்ணன். நல்ல மனுஷர். முதலாளி கூப்பிட்டால் ஸ்பானரோடு வருவார், எதற்கு என்று கேட்க மாட்டார்.

"தெர்மோஸ்டாட் மாட்டிக்கிட்டிருக்கும். கழட்டித் தூக்கிப் போட்ரு" என்றார் முதலாளி. எங்கள் லோரிகள் ஒன்றில்கூடத் தெர்மோஸ்டாட் கிடையாது. இவர் வாங்கியதுமே கழற்றச் சொல்லிவிடுவார்.

தேவதாஸ் அண்ணன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "தெர்மோஸ்டாட்டும் இல்ல, ரேடியேட்டருக்கு மூடியும் இல்ல பாஸ். தண்ணி எங்க ஊத்துறது?"

"மூடி இல்லாத ரேடியேட்டரா? அதான் தண்ணி வத்திருச்சு!" முதலாளி பச்சைக் கூலண்ட் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே நின்றேன். கரண்ட் அடிக்கும் என்று சொன்ன பிறகுதான் போத்தல் கீழே இறங்கியது.

இரண்டாவது வைத்தியர் ஷர்வின், போனில். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க அக்கா" என்றார். பண்ணினேன். "சரி, லைட்ட ரெட்லேருந்து புளூவுக்கு மாத்துங்க. கூலா இருக்கும்." மாற்றினேன். நீல வெளிச்சத்தில் அணைந்தது.

மூன்றாவது, முதலாளியே போய்ப் பார்த்துவிட்டு வந்த வாஸ்துக்காரர். கம்ப்யூட்டர் தென்கிழக்கில், அக்கினி மூலையில் இருக்கிறதாம், சூடாகாமல் என்ன செய்யுமாம். வாயு மூலைக்கு மாற்ற வேண்டுமாம். எங்கள் ஆபீசில் வாயு மூலை என்பது கழிவறைக் கதவு. மேசை, நாற்காலி, நான், கம்ப்யூட்டர் எல்லாரும் அங்கே குடிபெயர்ந்தோம். சூடும் கூடவே வந்தது.

இத்தனை பேரைக் கேட்டார். அந்த மெஷின் முன்னால் தினமும் ஒன்பது மணி நேரம் உட்காருகிறவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

சனிக்கிழமை மத்தியானம் லோரிகள் அடங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு நானே உட்கார்ந்தேன். புரொசசரின் சூட்டைக் காட்டும் புரோகிராம் ஒன்றை இறக்கி ஓடவிட்டேன். தொடக்கத்தில் நாற்பத்தைந்து பாகை. ஐந்து நிமிடத்தில் அறுபது. பத்தில் எண்பது. நூறைத் தொட்டதும் அணைந்தது. பம்ப் செத்திருந்தால் சூடு ஒரே நிமிடத்தில் எகிறும் என்று படித்திருந்தேன். இது அடுப்பில் வைத்த பானை மாதிரி நிதானமாக ஏறியது. கண்ணாடியைக் கழற்றி உள்ளே இருந்த இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் சூடு. அப்படியானால் தண்ணீர் சுற்றுகிறது, சூட்டை எடுத்துக்கொண்டு மேலே போகிறது, ஆறாமல் அப்படியே திரும்பி வருகிறது.

மறுபடி போட்டேன். மேலே ரேடியேட்டருக்குள் காற்றைத் தள்ளும் மூன்று விசிறிகளும் ஓடின. ஒரு டிஷ்யூவைக் கம்ப்யூட்டரின் தலைக்கு மேலே பிடித்தேன். காற்று வெளியே வந்தால் தாள் பறக்க வேண்டும். அசையவே இல்லை.

மெஷினை அணைத்து, மேலே இருந்த வலை மூடியைத் தூக்கினேன். ரேடியேட்டர் தெரியவில்லை. மெல்லிய தகடுகளுக்கு இடையில் காற்றுப் போகிற இடமெல்லாம் மஞ்சளாக எதையோ அப்பி, அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. மேலே விபூதி வேறு.

பட்டறையிலிருந்து தேவதாஸ் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார். பிறகு தரையைப் பார்த்தார். "நான் கிண்ணத்தத்தான் புடிச்சேன் குமுதா. கண்ணாடில வச்சா போதும் பாஸுன்னேன். 'லோரிக்கு மூஞ்சியே ரேடியேட்டர்தான்லா'ன்னுட்டு, மூடியத் தூக்கி அள்ளி அள்ளி அப்புனாரு."

"இத்தன நாளா ஏன் அண்ணே சொல்லல?"

"சாமி காரியம் பாரு. அதால கெடும்னு எனக்கு எப்படித் தோணும்?"

கோபத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். அவர் ரேடியேட்டரின் திருகுகளை எடுத்து, குழாய் அறுந்துவிடாமல் வெளியே தாங்கிப் பிடித்தார். நான் ஈரப் பல்துலக்கியால் தகடு தகடாகத் தேய்த்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. கடைசியில் அவர் பட்டறைக் காற்றுக்குழாயை மெதுவாகக் காட்டினார். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டிப் போட்டோம். ஒரு மணி நேரம் ஓடியும் ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை. டிஷ்யூவைப் பிடித்தேன், கையை விட்டுப் பறந்தது. சுரண்டிய சந்தனத்தைப் பிஸ்கட் டின் மூடியில் கொட்டி வைத்தேன்.

திங்கட்கிழமை காலை லோரிக்காரர்கள் அன்றைய ஓட்டச் சீட்டுக்காக ஆபீசுக்குள் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் தேவதாஸ் அண்ணன். முதலாளி மாதவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவள் தோளில் புதுக் கைப்பை. திரையில் பன்னிரண்டு படங்களும் ஓடிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா!" என்று முதலாளி கைதட்டினார். "வாயு மூலைக்கு மாத்துனதும் சரியாயிருச்சு!"

நான் டின் மூடியை மேசைமேல் வைத்தேன்.

"என்ன இது?"

"ரேடியேட்டருக்குள்ள இருந்துச்சு முதலாளி. காத்துப் போற வழியெல்லாம் அடச்சிருந்துச்சு. சனிக்கிழம நானும் தேவதாஸ் அண்ணனும் கழுவுனோம். சூடு அன்னைக்கே நின்னுபோச்சு."

அவர் மூடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "போலிச் சந்தனம். பசார்ல அந்தக் கடக்காரன் ஏமாத்திட்டான்." என் பக்கம் திரும்பினார். "சரி, பூசைக்கு அப்புறம் தொடைக்க வேண்டியது யாரு? ஆபீசப் பாத்துக்கிறவதானே?"

தேவதாஸ் அண்ணன் தொண்டையைச் செருமினார். நான் எதிர்பார்க்காதபடி வாயையும் திறந்தார். "அடுத்த பூச வரைக்கும் கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க பாஸ்?"

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "சரி சரி, நேரமாச்சு. உக்காந்து சீட்டக் குடு."

நான் உட்காரவில்லை.

"இவங்க எல்லாரும் நிக்கிறப்பதான் நான் கெடுத்தேன்னு சொன்னீங்க. இவங்க எல்லாரும் இப்பவும் நிக்கிறாங்க. யாரு கெடுத்தான்னு சொல்லுங்க, உக்கார்றேன்."

அவர் மாதவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் திரையில் ஓடிய பன்னிரண்டு படங்களைப் பார்த்தாள், வரிசையாக நின்ற பன்னிரண்டு ஆண்களைப் பார்த்தாள். "எனக்கு இதெல்லாம் தெரியாது மாமா" என்று கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வெளியே கிளீனர் பையன் ஒருவன் லோரியின் இஞ்சினை உறுமவிட்டு அணைத்தான். ஆலை திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி மூடியை மேசையில் வைத்தார். கையில் ஒட்டியிருந்த மஞ்சளை வேட்டியில் துடைத்தார்.

"நான்தான்லா" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "அவ இல்ல" என்றார்.

லோரிக்காரர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் வென்றுவிட்டேன், கெத்தாக உட்கார வேண்டிய நேரம், ஆனால் எனக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. பதினோரு வருடமாக அந்த இரண்டு வார்த்தை எங்கே இருந்தது? கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், முதல் லோரியைக் கூப்பிட்டேன்.