பெரிலின் வண்டி, பெட்டிகளில்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். பர்மிங்காமுக்கு மேற்கே, கால்வாயை ஒட்டிய தெருவில் இருபத்தைந்து வருடமாகக் குடியிருக்கிறேன். என் சமையலறை ஜன்னலில் நின்றால் பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் ட்ரான்டரின் ஷெட் தெரியும், தெருமுனையில் கால்வாய்ப் பாலமும் தெரியும். இப்படியொரு ஜன்னல் வாய்த்தவன் மண்டையை உடைத்துக்கொண்டு யோசிக்கத் தேவையில்லை.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "பனி மூடிய காலையில், எண்ணெய் வாசனைக்கு நடுவே, ஒரு முதியவர் தன் இளமையை ஒவ்வொரு நட்டாக முடுக்கி…"

அடித்துவிட்டேன். இளமையை யாராவது ஸ்பானர் வைத்து முடுக்குவார்களா? தவிரவும் டெஸ்மண்ட் எதையும் முடுக்கியதே இல்லை. கழற்றியதோடு சரி.

2

ஷெட் முழுக்க பிஸ்கட் டப்பாக்கள், ஐஸ்கிரீம் டப்பாக்கள், வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டிகள். அவற்றுக்குள் 1951இல் செய்த ஐந்நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று துண்டு துண்டாகக் கிடந்தது. (கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த வண்டிக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. ஏதோ ஒரு வாஷரின் அளவைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று வீடு தேடி வந்துவிடுவார்கள்.) எந்த டப்பாவில் என்ன என்று கண்டுபிடிக்க டெஸ்மண்ட் பேனாவால் எழுதி வைத்திருந்தார். எல்லா டப்பாவிலும் ஒரே சொல்: 'முக்கியம்'.

இங்கே பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் குளிர்காலத்தில் வண்டியைப் பிரித்துத் துடைத்து வசந்தத்தில் மறுபடி சேர்த்துப் பூட்டுவார்கள். டெஸ்மண்டும் ஒரு குளிர்காலத்துக்கென்றுதான் பிரித்தார். அந்தக் குளிர்காலம் நாற்பது வருடம் போயிற்று. கேட்டால், "அசல் கார்புரேட்டர் தொலைஞ்சு போச்சு, வேற கெடைக்கல" என்பார். வேறொன்றைப் பொருத்தினால் அது வண்டியே இல்லையாம். சங்கத் தலைவர் ராட்னி பார்ஜெட்டர் அந்த ஒரு சாமானுக்காக பழைய உதிரிபாகச் சந்தைகளில் மழையோடு மழையாக அலைந்தார். அவருடைய சங்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களைவிட வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் அதிகம்.

3

இவ்வளவு எழுதியபின் டெஸ்மண்ட் மேல் சந்தேகம் வந்தது. சோம்பேறி என்று எழுதினால் பொருந்தவில்லை. இந்த மனிதர் ஒவ்வொரு ஞாயிறும் ஷெட்டுக்குப் போய் டப்பாக்களைத் திறந்து, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, மூடி வைக்கிறார். சோம்பேறி ஏன் எண்ணெய் தடவுகிறான்?

இரண்டாம் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன். வண்டி அவருடையதல்ல, அவர் மனைவி பெரிலுடையது. கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கியது. வார நாட்களில் ஒரு கம்பெனிக்காக ஜப்பான் வண்டியில் பார்சல் கொண்டு போவாள், ஞாயிற்றுக்கிழமை தன் வண்டியை எடுப்பாள். நம்மூர் பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குப் புரியும்: இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஜப்பான் வண்டியில் நேர்மாறு. ஒரு ஞாயிறு, கால்வாய்ப் பாலத்து வளைவில், பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினாள். கியர் மாறியது. சுவர் வந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் டெஸ்மண்ட் வண்டியைப் பிரித்தார். குளிர்காலத்துக்கு மட்டும் என்றார்.

4

போன இலையுதிர்காலத்தில் டெஸ்மண்டுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை நடந்தது. ஷெட்டுக்கு நடக்க முடியாது. பெரில் பெட்டிகளைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு வந்து தானே பூட்ட ஆரம்பித்தாள். சூட்டில் விரிந்தால்தான் பேரிங் உள்ளே உட்காரும் என்று எஞ்சின் கூட்டை, மாட்டிறைச்சி வறுத்த அதே அடுப்பில் வைத்துச் சூடாக்கினாள். பல வாரம் அந்த வீட்டுக் குழம்பில் எஞ்சின் எண்ணெய் மணந்தது. டெஸ்மண்ட் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கார்புரேட்டர் இல்லாமல் வண்டி ஓடாதே என்ற தைரியம்.

(இந்த இடத்தில் 'அவளுடைய சுருங்கிய விரல்களில் காலம்…' என்று ஒரு வரி இருந்தது. எனக்கே குமட்டியது.)

5

சங்கத்தின் வசந்தகால ஊர்வலம். பெரில் ஹெல்மெட்டோடு முற்றத்தில் நின்றாள். வண்டி முழுசாக நின்றது. கூப்பிட வந்த பார்ஜெட்டர் குனிந்து பார்த்தார்.

"இது என்ன பெரில்?"

"கார்புரேட்டர்."

"சீனா ஸ்கூட்டரோடதும்மா இது. ரப்பர் குழாய் வேற. வண்டி அழும்."

"அழுதா தொடச்சு விடறேன்."

டெஸ்மண்ட் கைத்தடியோடு வாசலுக்கு வந்தார். அந்தக் குழாயைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"இப்படியா வெளிய எடுத்துட்டுப் போகப் போறே?"

"ஆமா."

"சங்கத்துல எல்லாரும் பாப்பாங்க பெரில்."

"பாக்கட்டும். யார் பூட்டினதுன்னு கேட்டா உன் பேரைச் சொல்லிக்கறேன்."

டெஸ்மண்ட் தடியை ஊன்றித் தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகைக்குப் போனார். தக்காளிச் செடிக்குப் பின்னால் இருந்த உரச் சாக்குக்குள் தோள்வரை கையை விட்டார். ஒரு பழைய காலுறை வந்தது. காலுறைக்குள் அசல் கார்புரேட்டர், எண்ணெய் தடவி, பளபளவென்று.

"டெஸ்மண்ட்," என்றார் பார்ஜெட்டர், "போன மாசம்கூட இதுக்காக முழங்கால் சேத்துல நின்னேன்யா."

மனைவி விழுந்துவிடுவாளே என்று நாற்பது வருடம் பயந்த மனிதர், ஒரு ரப்பர் குழாயிடம் தோற்றுப்போனார். இந்த இனத்தை என்ன சொல்வது.

(பெரில் வேலியோரம் வந்தாள். "அவர் ஒளிச்சு வெச்சது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன். "நான் எப்பேர்ப்பட்ட ஆளோட குடும்பம் நடத்துறேன்னு எனக்குத் தெரியாதா தம்பி?")

டெஸ்மண்டே உட்கார்ந்து பொருத்தினார். முடித்துவிட்டு ஹாண்டிலை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"கியர் வலது. பிரேக் இடது. சொல்லு."

"தெரியும்யா."

"சொல்லு பெரில்."

"கியர் வலது. பிரேக் இடது."

கையை எடுத்தார். அவள் உதைத்தாள். வண்டி பிடித்துக்கொண்டது. பாலத்துப் பக்கம் திரும்பினாள்.

6

முடிவு, ஒன்று: "பாலத்து வளைவில் அவளுடைய வலது கால் தானாக…" இல்லை.

முடிவு, இரண்டு: "மத்தியானம் கன்னம் சிவக்கத் திரும்பி வந்து, டீயில் பிஸ்கட்டை நனைத்தபடி…" இதுவும் வேண்டாம். இது பிஸ்கட் விளம்பரம்.

அன்று நடந்தது எனக்குத் தெரியும். அவள் கிளம்பியதும் வேலியை விட்டு ஜன்னலுக்குத்தான் ஓடினேன். ஆனால் எழுதக் கை வரவில்லை. எழுதாத வரைக்கும் அவள் பாலத்துக்கு இந்தப் பக்கமே ஓட்டிக்கொண்டிருப்பாள், எதுவும் ஆகாது. டெஸ்மண்டை இத்தனை பத்தி கேலி செய்துவிட்டு, அவர் செய்ததையே நானும் செய்கிறேன். அந்தக் கடைசிப் பத்தியை எண்ணெய் தடவிச் சாக்குக்குள் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு அது வேண்டுமென்றால் ஒரு வழி சொல்கிறேன். கையில் கிடைக்கிற மட்டமான முடிவு ஒன்றை எடுத்து, ரப்பர் குழாய் வைத்தாவது, இந்தக் கதையில் பூட்டுங்கள். என் பெயரைச் சொல்லியே நாலு பேருக்குக் காட்டுங்கள். பொறுக்க முடியாமல் நானே எழுந்து போய்ச் சாக்குக்குள் கையை விடுவேன்.