சண்டை போடாத மாப்பிள்ளை

என் தங்கை பையைக் கட்டி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, இவரு என்னோட சண்டை போடுறதே இல்ல."

"நல்லதுதானே?"

"கல்யாணமான நாள்லேருந்து எகிறிக்கிட்டு இருந்த மனுஷன் திடீர்னு ‘சரிம்மா, சரிம்மா’ன்னா என்ன அர்த்தம்? மனசு வீட்டை விட்டுப் போயிருச்சுன்னு அர்த்தம். ஆளும் போறதுக்கு முன்னாடி நானே கிளம்புறேன். உன் வீட்டுக்குத்தான்."

என் வீட்டில் நானே ஒருக்களித்துத்தான் படுக்கிறேன். அதற்காக மட்டும் நான் அவள் வீட்டுக்கு ஓடவில்லை. அவள் குரல் கம்மியிருந்தது. இருந்தாலும், ஓடிய வேகத்தில் என் வீட்டு இட நெருக்கடிக்கும் கொஞ்சம் பங்குண்டு.

மாப்பிள்ளை பிளம்பர். சமீபமாகத் தியானம் பழகுகிறார். முகத்தில் அப்படியொரு சாந்தம். ஓட்டுக் கேட்க வருபவர் முகத்திலும், ‘லீவு கிடையாது’ என்று சொல்லப்போகிற மேனேஜர் முகத்திலும்தான் நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எனக்கும் சந்தேகம் தட்டியது.

"வேற என்ன தடயம்?" என்றேன், பெரிய துப்பறிவாளன் மாதிரி.

சமையலறைக் குழாயைக் காட்டினாள். சொட்டிக்கொண்டிருந்தது.

"ஊர்ல இருக்கிற ஒழுகலையெல்லாம் அடைக்கிறாரு. இதைச் சொன்னா ‘பாக்கலாம்மா’ன்னு சிரிக்கிறாரு. இருக்கப் போற வீடுன்னா சரி பண்ண மாட்டாரா?"

அவள் கேட்டது எனக்கும் நியாயமாகப் பட்டது. அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டேன்.

விடியும் நேரத்தில் சமையலறையில் ஏதோ அரவம். யாருடனோ போனில் கிசுகிசுக்கிறார், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று பூனை நடை போட்டேன். கால் பட்டு வாளி உருண்டது.

மாப்பிள்ளை குழாய்க்கு எதிரே சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். போனும் இல்லை, ஒன்றும் இல்லை.

"மெதுவா மச்சான். இந்தச் சொட்டைக் கேட்டாத்தான் மனசு ஒரே இடத்துல நிக்குது."

"அதுக்காகவா சரி பண்ணாம வச்சிருக்கீங்க?"

"நிறுத்த எப்படி மனசு வரும்?"

"உங்க பொண்டாட்டி பையக் கட்டிட்டா, மாப்பிள்ளை."

கண் திறந்தது. "எதுக்கு? நான் இப்பல்லாம் கோபமே படுறதில்லையே!"

"அதுக்குத்தான்."

குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து ஸ்பேனரை எடுத்து, வாஷரை மாற்றினார். சொட்டு நின்றதும் தங்கை எழுந்து வந்தாள்.

"இன்னிக்கு மட்டும் என்னவாம்? அண்ணன் சொல்லிக் குடுத்தானா?"

"நீ போயிருவேன்னு பயந்துட்டேன்."

"பயமா? சாமியாருக்கா?" நம்பாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேற என்னல்லாம் இருக்கு? சொல்லு" என்று தரையில் உட்கார்ந்தார்.

சொல்ல ஆரம்பித்தாள். கதவுத் தாழ்ப்பாள், இறுகிப்போன ஜன்னல். அப்புறம், அவள் காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்த அன்று அவர் பக்கத்து அறையில் நிம்மதியாகத் தியானம் செய்தது. அதைக் கேட்டதும் அவர் பழக்கதோஷத்தில் இமையை மூடினார்.

"கண்ணத் திறந்துக்கிட்டுக் கேளுங்க."

திறந்தார். கண்கள் கலங்கியிருந்தன. அவள் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள், அவர் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

உருண்ட வாளியை நிமிர்த்தி வைக்கும் சாக்கில் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.