கீழேயிருந்து பதினோராவது நிரை

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பமாகத்தான் பிறந்தது. எழுதியவன் நான். தப்பாக எழுதியவனும் நானே.

பொகவந்தலாவைக் கடைவீதியில் எனக்கொரு துணிக்கடை. சீத்தையும் கம்பளியும் விற்ற நேரம் போக, தோட்டத்துச் சனங்களுக்குக் கடிதமும் விண்ணப்பமும் எழுதிக் கொடுப்பேன். நஸார் நானா கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்லப்போய், எனக்கும் எழுத்தாளன் என்ற நினைப்பு வந்துவிட்டது. அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், பேச்சியம்மா என்னும் ஏழைத் தாய்...'

வேண்டாம். இங்கே பனி இறங்காத காலை எது? (என் மனைவி ஸுலைஹா வாசித்துவிட்டு, "ஏழன்னு அவ உங்கக்கிட்டச் சொன்னாளா?" என்று கேட்டாள். அதோடு அந்தத் தாளைக் கசக்கிவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்:

'1951 சித்திரையில் பேச்சியம்மாவின் மகள் பூரணி காய்ச்சலில் இறந்தாள். வயது நாலு. தோட்டத்து இடுகாட்டில் புதைத்தார்கள்.'

இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அடுத்த வருஷம் அவள் புருஷன் செல்லசாமி கங்காணியை எதிர்த்துப் பேசினான். வேலையை நிறுத்திப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துக் குடும்பத்தையே வெளியேற்றினார்கள். செத்தாலும் இந்த மண்ணை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு தோட்டத்தில் போய் வேலைக்குப் பதிந்தான். பேச்சியம்மா மட்டும் சித்திரைக்குச் சித்திரை பாலும் சூடமும் கொண்டு போய் வந்தாள். 1953இல் இடுகாட்டிலும் தேயிலை நட்டார்கள். பழைய துரை காணாததுபோல் இருந்ததால் அவள் போக்குவரத்து நிற்கவில்லை.

பிறகு தோட்டம் கைமாறியது. புது முதலாளி கேற்றுப் போட்டுக் காவல் வைத்தார். துரையின் சீட்டு இல்லாமல் வெளியாள் உள்ளே போக முடியாது. இரண்டு சித்திரை அவள் கேற்றடியில் நின்றுவிட்டுப் பால் போத்தலோடு திரும்பினாள். இந்த வருஷம், 1960, என் கடைக்கு வந்தாள்.

"தேயில நட்டதக் கேக்கலீங்க நானா. கிட்டப் போயி ஒரு சொட்டுப் பால் ஊத்தணும். பதினோராவது நெர, கல்லுப் பக்கத்து மரம். அவ்வளவுதான்."

நான் எழுதினேன்: 'பாதையிலிருந்து பதினோராவது தேயிலை நிரை.'

இங்கேதான் விஷயம் கெட்டது. பாதை மலையின் மேலே ஓடுகிறது. நான் கடைக்காரன்; அலுமாரித் தட்டை மேலேயிருந்து எண்ணுகிறவன். கொழுந்தெடுக்கிறவர்கள் கீழேயிருந்து ஏறுகிறார்கள், கீழேயிருந்தே எண்ணுகிறார்கள். எந்தப் பக்கமிருந்து என்று நான் கேட்கவும் இல்லை, கேட்கவேண்டும் என்று தெரியவும் இல்லை.

விண்ணப்பம் போன தோட்டக் கந்தோரிலிருந்து ஆள் போய்ப் பார்த்திருக்கிறான். நான் எழுதிய இடத்தில் ஒரு தண்ணீர்க் கான் ஓடுகிறது. 'அங்கே புதைகுழி ஏதும் இல்லை. இனி இப்படிப் பொய் விண்ணப்பம் அனுப்பவேண்டாம்' என்று பதில் வந்தது. அதை அவளுக்கு வாசித்துக் காட்டியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளதைச் சொன்னவளை என் முத்தெழுத்து பொய்க்காரி ஆக்கிவிட்டது.

* (ஓரக்குறிப்பு. என் வாப்பாவை அடக்கிய மையவாடிக்குப் போக நான் யாரிடமும் சீட்டு வாங்கியதில்லை. இவளுக்கு மட்டும் ஏன்? நீதிமன்றத்தில் வேலை பார்க்கும் பரமலிங்கம் ஐயாவைக் கேட்டேன். யாழ்ப்பாணத்தவர், சட்டப் புத்தகம் புரட்டியவர். "நிலம் அவையின்ரை. அதுக்குள்ள கிடக்கிற சவம் ஆரின்ரை எண்டு நானும் தேடிப் பாத்தன், காணேல்லை," என்றார். அவருக்கே குழப்பம் என்றால் நான் எம்மாத்திரம்?)

4

வழி கண்டுபிடித்தவள் பேச்சியம்மாதான்.

சித்திரையில் கொழுந்து தள்ளும். தோட்டத்து ஆள் போதாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியாட்களைக் கைக்காசுக்குக் கூப்பிடுவார்கள்.

"பாக்கப் போறவங்களுக்குத்தான் சீட்டு, நானா. கொழுந்தெடுக்கப் போனா வேணாம்."

கூடையோடு போனாள். இரண்டு வருஷம் அவளைத் திருப்பி அனுப்பிய அதே காவல்காரன் கேற்றைத் திறந்து, "வெரசாப் போ, நேரமாச்சு," என்றானாம். இதை நான் கற்பனை செய்திருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

நிரை பிரித்துக் கொடுத்தவர், தோட்டம் கைமாறிய பிறகு வந்த முத்துலிங்கம் கங்காணி. இவளுக்கு ஆறாவது நிரை.

"பதினொன்னத் தாங்க."

"ஏன், அதுல என்ன?"

"கொழுந்து நெறைய நிக்குதுங்க."

கங்காணி சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். அவள் எடுத்துக்கொண்டே போனாள். கல் வந்தது. பக்கத்தில் அந்த மரம்.

5

இதற்குமேல் எனக்குத் தெரியாது. ஆகவே எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அவள் அந்த மரத்தில் கை வைக்கவில்லை. ஒரு கொழுந்தும் கிள்ளாமல் கும்பிட்டுவிட்டுத் தாண்டினாள். கங்காணி கண்டுபிடித்து அவளை வெளியேற்ற...

முடிவு ஆ: கங்காணிக்குப் பயந்து அழுதுகொண்டே அந்த மரத்தையும்...

இரண்டில் எது என்று இரண்டு நாள் தடுமாறினேன். கிள்ளாமல் விட்டால் அடுத்த ஞாயிறு கூப்பிடமாட்டார்கள், வழி அடைபடும். கிள்ளினால் அவள் என்ன தாய்? ஸுலைஹாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அவக்கிட்டயே கேளுங்களே," என்றாள். கேட்டேன்.

பேச்சியம்மா என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எடுக்காம விட்டா மரம் காடா ஏறிப்போயிருமே, நானா. நல்லாவே எடுத்தேன். முத்தினது, வாடினது எல்லாம் ஒடிச்சுப் போட்டு, மட்டமா. அவளுக்குத் தல சீவி விடுற மாதிரி இருந்துச்சு. கூடைக்குள்ள போத்தல் வச்சிருந்தேன். குனியிற மாதிரிக் குனிஞ்சு தூர்ல பாலையும் ஊத்திட்டேன்."

நான் இரண்டு முடிவுகளையும் அடித்துவிட்டேன். பிறகு கடைக்குள் போய், துணியை எடுத்து அடுக்குவதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன். அழுதேன் என்றே எழுதலாம்.

6

கதையை அங்கேயே முடித்திருக்கலாம். முடிக்க விடவில்லை. நேற்று அவள் மறுபடி வந்தாள்.

"மழ புடிச்சிருச்சு. இனிமே வெளியாளக் கூப்பிட மாட்டாங்களாம். இன்னொரு விண்ணப்பம் எழுதணும், நானா. எங்க ரெண்டு பேரையும் அந்தத் தோட்டத்துலயே திரும்பப் பதிஞ்சுக்கச் சொல்லி."

"செல்லசாமி ஒத்துக்குவாரா?"

"அவருதான் எழுதச் சொன்னாரு."

நான் தாளை எடுத்தேன். அவள் தொடர்ந்தாள்.

"ஏன் திரும்பி வர்றீங்கன்னு கேப்பாங்கல்ல. அதுக்கு என்னமாச்சும் நல்லதா எழுதுங்க."

பெயர், வயது, இப்போதைய தோட்டம் எல்லாம் எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் பேனா நிற்கிறது. மகள் என்று எழுதினால், முன்பே பொய் என்று முடிவுகட்டியவர்கள் தாளைக் கிழித்துவிடுவார்கள். நல்ல வேலைக்காரர்கள் என்று எழுதினால் எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் எட்டு வருஷ வைராக்கியத்தை விட்டுவிட்டு அந்த மனிதன் அங்கே திரும்பிப் போவது கூலிக்காக என்று என் கையால் எழுதவேண்டும். என்னால் முடியவில்லை. ஒரு தடவை அவர்களைத் தப்பாக எழுதியவன் நான்.

அவள் நாளைக் காலை பஸ்ஸில் வருவாள். நீங்கள் எழுதுங்கள்.

காரணம்: ..............................